ஆறு இடங்களும் நான்கு இடங்களும்

அமெரிக்காவில் நடுநிலைப் பள்ளியை முடிக்கும் எந்தக் குழந்தையிடம் கேட்டாலும் அரசாங்கத்தின் மூன்று கிளைகளை வரைந்து காட்டிவிடும். மேலே காங்கிரஸ், ஒரு பக்கம் அதிபர், மறுபக்கம் உச்ச நீதிமன்றம், நடுவே குறுக்கும் நெடுக்குமாக அம்புக்குறிகள். காங்கிரஸ் சட்டம் இயற்றும், அதிபர் அதை வீட்டோ செய்யலாம், அதாவது ஏற்காமல் திருப்பி அனுப்பலாம், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு திரண்டால் காங்கிரஸ் அந்த வீட்டோவைத் தாண்டிப் போகலாம், நீதிமன்றம் இரு தரப்பையும் தடுக்கலாம். குடியுரிமைத் தேர்வுக்காக நானும் இந்தப் படத்தைத்தான் மனப்பாடம் செய்தேன். நியூ ஜெர்சியில் வளரும் என் மகள் எட்டாம் வகுப்பில் அதையே வண்ணப் பென்சில்களால் வரைந்து நல்ல மதிப்பெண் வாங்கினாள். இருவரும் தேறிவிட்டோம். ஆனாலும் அந்தப் படத்தில் மனிதர்களே இல்லை என்ற உறுத்தல் பல மாதங்களாக என்னை விடவில்லை. யாரோ சிலர் உட்கார்ந்து பேரம் பேசி, எதையோ விட்டுக்கொடுத்து, எதையோ பிடுங்கிக்கொண்டு உண்டாக்கிய ஓர் ஏற்பாடு, வானத்திலிருந்து இறங்கிய இயந்திரம்போல அந்தத் தாளில் நிற்கிறது.

உறுத்தலைக் கிளப்பியது ஒரே ஒரு வரி. தேர்வுக்கு முன் திருப்பிப் பார்ப்பதற்கான தாளில் 1787ஆம் ஆண்டு அரசியல் சாசன மாநாட்டின் சமரசங்களைப் பட்டியலிட்டிருந்தார்கள். பெரிய மாநிலங்களுக்கும் சிறிய மாநிலங்களுக்கும் இடையிலான சமரசத்துக்கு ஒரு பத்தி. அதன் கீழே, அடிமைகள் ஒவ்வொருவரும் ஐந்தில் மூன்று பங்கு மனிதராகக் கணக்கிடப்பட்டார்கள் என்று ஒரு வரி. மகள் அதைப் படித்துவிட்டு, "எவ்வளவு கேவலம் அம்மா! அவர்களை முழு மனிதராகக்கூட எண்ணவில்லை" என்றாள். பதின்மூன்று வயதுக் குழந்தைக்கு வர வேண்டிய கோபம்தான் அது. படித்த பெரியவர்கள் பலரும் இதே கோபத்தோடுதான் இதைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் அந்த ஒற்றை வரி கோபத்தைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. பின்னம் சிறிதாக இருந்தது அநியாயம், முழுதாக எண்ணியிருந்தால் நியாயமாகியிருக்கும் என்று அது நம்மை நினைக்க வைக்கிறது. முழுதாக எண்ணச் சொன்னவர்கள் யார் என்பதை அது சொல்வதில்லை.

முழுதாக எண்ணச் சொன்னவர்கள்

1787 ஜூலை 11 அன்று, பிலடெல்பியாவில் நடந்த அந்த மாநாட்டில், தென் கரோலினாவின் பியர்ஸ் பட்லரும் சார்ல்ஸ் கோட்ஸ்வொர்த் பிங்க்னியும், காங்கிரஸின் பிரதிநிதிகள் அவை இடங்களை மக்கள்தொகையை வைத்துப் பிரிக்கும்போது கறுப்பின மக்களை வெள்ளையருக்குச் சமமாக எண்ண வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். இருவரும் அடிமைகளை உடைமையாக வைத்திருந்த தோட்ட முதலாளிகள். அந்தத் தீர்மானத்தை டெலவேர், தென் கரோலினா, ஜார்ஜியா ஆகிய மூன்று மாநிலங்கள் மட்டுமே ஆதரித்தன; தோற்றுப்போனது. ஓட்டுரிமையோ நிலமோ ஊதியமோ தரத் தயாராக இல்லாத மனிதர்களை எண்ணிக்கையில் மட்டும் தங்களுக்குச் சமமாக வைத்துக்கொள்ள அவர்கள் கேட்டார்கள். அந்த எண்ணிக்கையால் வரும் இடங்களில் அவர்களேதான் உட்காரப்போகிறார்கள்.

இதே தெற்கு மாநிலங்கள் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நேர் எதிராக வாதாடியிருந்தன. 1783இல், சாசனத்துக்கு முன்பிருந்த பழைய கூட்டமைப்புக் காங்கிரஸ், மாநிலங்கள் செலுத்த வேண்டிய பணத்தை மக்கள்தொகையை வைத்துப் பிரிக்கலாமா என்று யோசித்தது. அப்போது ஆள் கூடினால் வரி கூடும். எனவே அடிமைகளைக் குறைவாக எண்ணுங்கள் என்றது தெற்கு. கூடுதலாக எண்ணுங்கள் என்றது வடக்கு. இழுபறியில் பிறந்த எண்தான் ஐந்தில் மூன்று. அந்த வரித் திட்டம் எல்லா மாநிலங்களின் ஒப்புதலையும் பெறாமல் செத்துப்போனது. பின்னம் மட்டும் பிழைத்துக்கொண்டது. 1787 ஜூன் 11 அன்று பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன் அதை எடுத்து வந்து பிரதிநிதித்துவத்துக்குப் பொருத்தினார். வரிக்கு வந்தபோது உடைமை, இடத்துக்கு வந்தபோது மனிதர் என்று ஒரே மக்களை இரண்டு விதமாகப் பேச முடிந்திருக்கிறது.

அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் இது புரியாமல் இல்லை. மாசசூசெட்ஸின் எல்பிரிட்ஜ் கெர்ரி, தெற்கில் உடைமையாக இருக்கும் மனிதர்களுக்காக இடம் கிடைக்கும் என்றால் வடக்கின் மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்டார். கேட்க அருவருப்பான வாதம். அவர் மனிதாபிமானத்திலிருந்து பேசவும் இல்லை. பென்சில்வேனியாவின் கவர்னீர் மோரிஸ் ஆகஸ்ட் 8 அன்று பேசியதுதான் என் மனத்தில் நிற்கிறது. அவர்கள் மனிதர்கள் என்றால் குடிமக்களாக்கி வாக்களிக்க விடுங்கள். உடைமை என்றால் வேறு எந்த உடைமையையும் சேர்க்காமல் இதை மட்டும் ஏன் சேர்க்கிறீர்கள் என்ற பொருளில் அவர் கேட்டார். அரசியல் சாசனத்தின் இறுதி வடிவத்தை எழுதும் வேலை சில வாரங்களில் அதே மோரிஸிடம் வந்தது. ஒவ்வொரு வகுப்பறையிலும் குழந்தைகள் ஒப்பிக்கும் முகவுரையின் தொடக்கச் சொற்கள் அவர் கையிலிருந்து வந்தவை. அந்தக் கேள்வியைக் கேட்ட மனிதர்தான் இந்தச் சொற்களையும் எழுதினார் என்று எந்த மறுபார்வைத் தாளும் சொல்லவில்லை. சொன்னால் பாடம் எவ்வளவு உயிர்பெறும்!

33,000ஆல் வகுத்தபோது

இதையெல்லாம் மகளிடம் விளக்கிச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஆனால் புரிந்ததற்கான அடையாளம் முகத்தில் இல்லை. பேரம், பிரதிநிதித்துவம், அதிகாரச் சமநிலை என்று நான் அடுக்கியவை இன்னொரு மறுபார்வைத் தாளாகத்தான் அவள் காதில் விழுந்திருக்கும். அவளுக்குக் கணக்கு பிடிக்கும். எனவே 1790ஆம் ஆண்டின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சுருக்கத்தை அச்செடுத்து அவள் முன் வைத்தேன்.

அந்தப் பட்டியலே ஒரு பாடம். மார்ஷல்கள் என்ற கூட்டாட்சி அதிகாரிகளின் கீழ் குதிரையில் ஊர் ஊராகப் போன உதவியாளர்கள் ஐந்து பத்திகளில் மக்களைப் பிரித்து எழுதினார்கள்: 16 வயதும் அதற்கு மேலும் உள்ள சுதந்திர வெள்ளை ஆண்கள், 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், சுதந்திர வெள்ளைப் பெண்கள், மற்ற சுதந்திர மனிதர்கள், அடிமைகள். பெயர் எழுதப்பட்டது குடும்பத் தலைவருக்கு மட்டும்தான். அடிமையாக இருந்தவர் உடைமையாளரின் பெயருக்கு எதிரே கடைசிப் பத்தியில் ஓர் எண்ணாக மட்டும் நிற்பார். நாட்டின் மொத்த மக்கள்தொகை 39 லட்சத்து 29 ஆயிரம். அதில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அந்தக் கடைசிப் பத்தியில் இருந்தார்கள்.

மகளிடம் இரண்டு மாநிலங்களை மட்டும் பார்க்கச் சொன்னேன். நியூ ஹாம்ப்ஷயரில் சுதந்திர மக்கள் 1,41,727 பேர். தென் கரோலினாவில் 1,41,979 பேர். வித்தியாசம் 252தான். நாட்டின் இரண்டு முனைகளில், ஒன்று குளிரிலும் மற்றொன்று வெயிலிலும் கிடந்த இரண்டு மாநிலங்கள் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் வந்து நிற்பதை முதலில் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. 1792இல் காங்கிரஸ் ஏற்றுக்கொண்ட சட்டத்தின்படி 33,000 பேருக்கு ஓர் இடம். வகுத்து வரும் பின்னத்தை உதறிவிட வேண்டும். வகுத்துப் பார் என்றேன். இரண்டுக்கும் 4 புள்ளி சொச்சம் வந்தது. "நான்கு, நான்கு" என்றாள். இப்போது கடைசிப் பத்தியைப் பார் என்றேன். நியூ ஹாம்ப்ஷயரில் 158 பேர். தென் கரோலினாவில் 1,07,094 பேர். அதில் ஐந்தில் மூன்றைச் சேர்த்து வகுத்தாள். நியூ ஹாம்ப்ஷயர் நான்கிலேயே நின்றது. தென் கரோலினா ஆறுக்குப் போனது.

வரலாற்றில் நடந்ததும் அதுதான் என்றேன். 1793இல் கூடிய காங்கிரஸில் தென் கரோலினாவுக்கு 6 இடங்கள், நியூ ஹாம்ப்ஷயருக்கு 4. அவள் எதுவும் பேசாமல் நான் சொல்லாத ஒரு கணக்கைப் போட ஆரம்பித்தாள். 1,07,094ஐ முழுதாகச் சேர்த்து, 2,49,073ஐ 33,000ஆல் வகுத்தாள். ஏழரை வந்தது. பின்னத்தை உதறிவிட்டு 7 என்று எழுதினாள். "முழு மனிதராக எண்ணியிருந்தால் ஏழு கிடைத்திருக்கும். எண்ணாமலே விட்டிருந்தால் நான்கு. அப்படியானால் பூஜ்யம்தானே அவர்களுக்கு நல்லது?" என்று கேட்டாள். அவள் கோபம் இடம் மாறியதை நான் கண்ணால் பார்த்த நேரம் அது. எத்தனை பங்கு மனிதர் என்ற அவமானத்திலிருந்து, அந்த இரண்டு கூடுதல் இடங்களில் யார் உட்கார்ந்தார்கள் என்ற கேள்விக்கு அவள் வந்துவிட்டாள். அந்த 1,07,094 பேரில் ஒருவருக்கும் வாக்கு இல்லை. அவர்களுடைய தலைகளால் வந்த இடங்களில் அவர்களுடைய எசமானர்கள் உட்கார்ந்து, அவர்களை அடிமைகளாக வைத்திருக்கும் சட்டங்களுக்குக் கையைத் தூக்கினார்கள்.

இது அவையோடு நிற்கவில்லை என்பதை அடுத்து பார்த்தோம். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் எண்ணிக்கை, ஒரு மாநிலத்தின் பிரதிநிதிகளோடு இரண்டு செனட்டர்களைக் கூட்டினால் வருவது. எனவே ஐந்தில் மூன்று அங்கேயும் நுழைந்துவிடுகிறது. மக்கள் நேரடியாக வாக்களித்தால் தெற்குக்கு அதன் அடிமைகளின் எண்ணிக்கையால் எந்தப் பயனும் இருக்காது என்பதை வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் 1787 ஜூலை 19 அன்றே மாநாட்டில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜெபர்சனுக்கு 73 தேர்வாளர் வாக்குகள், ஆடம்ஸுக்கு 65. அடிமைகளின் எண்ணிக்கையால் வந்த வாக்குகளைக் கழித்துவிட்டால் ஆடம்ஸ் முந்தியிருப்பார் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அரசியல் சாசனத்தின் முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் வர்ஜீனியாவைச் சேர்ந்த அதிபர்களே ஆண்டார்கள். நான்கு பேரும் அடிமைகளை வைத்திருந்தவர்கள். 1854இல் மேற்குப் பகுதிகளுக்கு அடிமைமுறை பரவ வழிதிறந்த கான்சஸ் நெப்ராஸ்கா சட்டம் பிரதிநிதிகள் அவையில் 113க்கு 100 என்று நிறைவேறியது. அப்போது நாட்டில் அடிமைகள் சுமார் 32 லட்சம். அவர்களில் ஐந்தில் மூன்றுக்கு ஏறத்தாழ 20 இடங்கள். சட்டம் வென்ற வித்தியாசம் 13தான்.

முதல் வீட்டோ எதற்காக வந்தது?

படத்தில் அதிபரிடமிருந்து காங்கிரஸை நோக்கிப் போகும் அந்த அம்புக்குறிக்கும் இந்தக் கணக்குக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அமெரிக்க வரலாற்றின் முதல் வீட்டோ 1792 ஏப்ரல் 5 அன்று வந்தது. அதிபர் வாஷிங்டன் திருப்பி அனுப்பிய மசோதா இதே இடப் பங்கீட்டைப் பற்றியதுதான். காங்கிரஸ் முதலில் 30,000 பேருக்கு ஓர் இடம் என்று வைத்து, 120 இடங்களை எட்டுவதற்காக, பின்னம் பெரிதாக இருந்த எட்டு மாநிலங்களுக்கு ஆளுக்கொரு இடம் கூடுதலாகக் கொடுத்தது. அந்த மசோதாவின்படி நியூ ஹாம்ப்ஷயருக்கு 5, தென் கரோலினாவுக்கு 7. முப்பதாயிரம் பேருக்கு ஓர் இடத்துக்கு மேல் போகக் கூடாது என்று சாசனம் சொல்கிறது. எட்டு மாநிலங்களில் அந்த வரம்பு மீறப்படுகிறது என்பது வாஷிங்டன் சொன்ன காரணங்களில் ஒன்று.

அவருடைய அமைச்சர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். வர்ஜீனியாக்காரர்களான ஜெபர்சனும் ராண்டால்பும் வீட்டோ செய்யச் சொன்னார்கள். வடக்கைச் சேர்ந்த ஹாமில்டனும் நாக்ஸும் வேண்டாம் என்றார்கள். தெற்கின் பக்கம் சாய்ந்ததாகப் பேச்சு வருமே என்று வாஷிங்டன் தயங்கியதை ஜெபர்சன் குறித்து வைத்திருக்கிறார். வீட்டோவைத் தாண்டப் போதுமான வாக்கு காங்கிரஸில் திரளவில்லை. பிறகுதான் 33,000ஆல் வகுக்கும் சட்டம் வந்தது, மொத்தம் 105 இடங்களோடு. காங்கிரஸ், அதிபர், வீட்டோ, தாண்ட முயன்று தோற்றது என்று அந்த வண்ணப் படத்தின் பாதி இந்த ஒரு வசந்த காலத்தில் அடங்கியிருக்கிறது. இதைச் சொல்லி அம்புக்குறியைக் கற்பித்தால் எந்தக் குழந்தை மறக்கும்?

பாடநூல் மூடும் இடம்

நாட்டின் பல மாநிலங்களில் நடுநிலைப் பள்ளியின் அமெரிக்க வரலாறு 1877உடன் முடிந்துவிடுகிறது. உள்நாட்டுப் போர் முடிந்தது, மூன்று திருத்தங்கள் வந்தன, தெற்கிலிருந்து படைகள் ஒதுங்கின, கோடை விடுமுறை. தென் கரோலினாவின் கணக்கு அங்கே முடியவில்லை. 1868இல் பதினான்காம் திருத்தம் ஐந்தில் மூன்றை நீக்கி, எல்லோரையும் முழுதாக எண்ணச் சொன்னது. 1870இல் தென் கரோலினாவிலிருந்து ஜோசப் ரெய்னி பிரதிநிதிகள் அவைக்கு வந்தார். அடிமையாகப் பிறந்தவர், அந்த அவையில் பதவியேற்ற முதல் கறுப்பினத்தவர். 1,07,094 என்று ஒரு பத்தியில் எழுதப்பட்ட மக்களின் வாரிசுகள் முதல்முறையாகத் தங்கள் எண்ணிக்கைக்கான இடத்தில் தாங்களே உட்கார்ந்த காலம் அது. நீடிக்கவில்லை. வன்முறை, தேர்தல் வரி, எழுத்தறிவுத் தேர்வு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவர்களுடைய வாக்கைப் பறித்தன. வாக்குரிமையை மறுக்கும் மாநிலத்தின் இடங்களைக் குறைக்க வேண்டும் என்று அதே பதினான்காம் திருத்தத்தின் இரண்டாம் பிரிவு சொல்கிறது. அது ஒருமுறைகூட நடைமுறைக்கு வரவில்லை. ஆக, பட்லரும் பிங்க்னியும் 1787இல் கேட்டுத் தோற்றது பின்னால் அவர்களுடைய மாநிலத்துக்குக் கிடைத்துவிட்டது: முழு எண்ணிக்கை உண்டு, வாக்கு இல்லை. தென் கரோலினாவின் ஜார்ஜ் மரே 1897இல் அவையை விட்டுப் போனார். அந்த மாநிலத்திலிருந்து அடுத்த கறுப்பின உறுப்பினர் 1993இல்தான் வந்தார்.

இதை முழுதாகச் சொல்ல நேரம் இல்லை என்று ஆசிரியர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. அவர்கள் மீது சுமத்தப்பட்டிருப்பது ஏற்கெனவே அதிகம். பெற்றோர் கூட்டங்களில் வேறொரு குரலையும் கேட்கிறேன். இந்த வயதில் குழந்தைகளுக்கு இவ்வளவு கசப்பு எதற்கு, முதலில் நாட்டை நேசிக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்கிறார்கள். நம்மவர்களும் அப்படிச் சொல்கிறார்கள். வந்த நாட்டைக் குறை சொல்லக் கூடாது என்ற பணிவு அதில் இருக்கிறது. எனக்கு அது ஒப்பவில்லை. இந்த நாட்டின் குடியுரிமையைக் கையுயர்த்தி ஏற்றவள் நான். அந்த உறுதிமொழி அரசியல் சாசனத்தைக் காப்பேன் என்றுதான் சொல்லச் சொல்கிறது. எப்படி உருவானது என்று தெரியாத ஒன்றை எதைப் பார்த்துக் காப்பது? எட்டாம் வகுப்பு மாணவர்களின் வரலாறு, குடிமையியல் அறிவை அளக்கும் தேசியத் தேர்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தபோது, வரலாற்றில் தேர்ச்சி மட்டத்தை எட்டியவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர்கூட இல்லை. எல்லோரும் அதிர்ச்சியடைந்தார்கள், பலர் சொன்ன தீர்வு, இன்னும் கொஞ்சம் மனப்பாடம்.

நியூ ஜெர்சி 2021இல் நடுநிலைப் பள்ளியில் குடிமையியலைக் கட்டாயமாக்கியது. அந்தச் சட்டத்துக்கு லாரா வூட்டன் என்ற கறுப்பினப் பெண்மணியின் பெயரை வைத்திருக்கிறார்கள். 79 ஆண்டுகள் தொடர்ந்து வாக்குச்சாவடியில் பணியாற்றியவர் அவர். வந்தவர்களைப் பதிவேட்டில் சரிபார்த்து உள்ளே அனுப்பியவர். அவர் பெயரால் நடக்கும் வகுப்பில் யாரை எண்ணினார்கள், யாருக்கு வாக்கு இருந்தது என்ற கணக்கு இடம்பெறாமல் போவது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

வீட்டில் வாதம் இன்னும் ஓயவில்லை. ஜேம்ஸ் வில்சன் அந்தப் பின்னத்தைக் கொண்டுவந்தது மன்னிக்க முடியாதது என்கிறாள் மகள். அவர் அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்டவர், சுதந்திரப் பிரகடனத்திலும் சாசனத்திலும் கையெழுத்திட்டவர், இணங்காவிட்டால் தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் எழுந்து போயிருக்கலாம் என்று நான் அவர் பக்கத்தை எடுத்துச் சொல்கிறேன். "போகட்டுமே" என்கிறாள். போயிருந்தால் அந்த ஏழு லட்சம் பேருக்கு என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால் அவளிடமும் விடை இல்லை, என்னிடமும் இல்லை. ஆனால் வடக்கு மாநிலங்கள் இவ்வளவு எளிதாக இணங்கியிருக்க வேண்டியதில்லை என்பதில் இருவரும் ஒன்றுபடுகிறோம். மோரிஸின் கேள்வி அன்று மாநாட்டில் எடுபடவில்லை.

இதைப் படிக்கும் பெற்றோர், ஆசிரியர் யாராவது வீட்டிலோ வகுப்பிலோ செய்து பார்க்க விரும்பினால் இன்னொரு இணை இருக்கிறது. 1790இல் வர்ஜீனியாவில் சுதந்திர மக்கள் 4,54,983 பேர், அடிமைகள் 2,92,627 பேர். மெயின் பகுதியையும் சேர்த்து மாசசூசெட்ஸில் சுதந்திர மக்கள் 4,75,327 பேர், அடிமைகள் ஒருவரும் இல்லை. எந்த மாநிலத்துக்கு அதிக இடங்கள் கிடைத்திருக்கும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு 33,000ஆல் மூன்று முறை வகுக்கச் சொல்லுங்கள்: அடிமைகளைச் சேர்க்காமல் ஒருமுறை, ஐந்தில் மூன்றைச் சேர்த்து ஒருமுறை, முழுதாகச் சேர்த்து ஒருமுறை.